சேவல், நாய், குதிரை

குளச்சலிலிருந்து கரையோரமாக மேற்கே போனால் கொடிமுனை, வாணியக்குடி, குறும்பனை, மிடாலம் என்று மீனவ ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். அந்த வரிசையில் இனயமும் ஒன்று. சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டம், அதை எதிர்த்து மீனவர்கள் நடத்திய போராட்டம் ஆகியவற்றால் 2016க்குப் பிறகு இந்த ஊரின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. அதற்கு 275 ஆண்டுகளுக்கு முன்பும் இந்தக் கரைக்குப் பெரிய கப்பல்கள் வந்தன. 1741இன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கி, சுற்றிலும் அரண் அடைத்துப் பாசறை போட்டது. காரணம் மிளகு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிளகு விளையும் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார். அதைத் தடுத்து நிறுத்த டச்சுக்காரர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனி, ஆடியில் அந்தக் கடல் எப்படியிருக்கும் என்று இனயத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் கடல்வழி உதவி நின்றுபோனது. நிலத்தின் பக்கம் திருவிதாங்கூர்ப் படை முற்றுகையிட்டிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கிருந்து போன ஒரு குண்டு பாசறைக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழ, அந்தத் தீயில் அரிசிக் கையிருப்பும் சாம்பலானது. பசியோடு சண்டை போட முடியாமல் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். வென்றவர்கள் கைக்கு 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் நிறைய வாள்களும் வந்ததாக 1878இல் வெளிவந்த திருவிதாங்கூர் வரலாற்றில் சங்குண்ணி மேனோன் கணக்குச் சொல்கிறார்.

இந்தப் போரைப் பற்றி மீனவ ஊர்களில் வழிவழியாக ஒரு கதை வருகிறது. பனந்தடிகளை மாட்டுவண்டிகளில் கிடத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பீரங்கி வரிசை போலத் தெரியும்படி செய்தார்களாம். முக்குவ மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு துப்பாக்கிப் படையாகக் கரையில் நின்றார்களாம். நடந்ததோ இல்லையோ, கதை ஒன்றைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. அன்றைக்கு இந்தக் கரையில் எல்லாருக்கும் துப்பாக்கியின் வெளித்தோற்றம் தெரியும். அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, அந்த உறுப்புகளை என்னவென்று சொல்வது என்பது அதைச் செய்யும் பட்டறைக்காரனுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பட்டறையும் சீக்கிரமே இந்தக் குமரி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

சரணடைந்தவர்களில் ஒருவர் எஸ்தாக்கியஸ் டி லன்னாய். பிறந்தது இன்றைய பிரான்சின் ஆராஸ் நகரம், ஊழியம் டச்சுக் கம்பெனியில். மார்த்தாண்ட வர்மா அவரைத் தன் படையைப் பயிற்றுவிக்கும் வேலையில் அமர்த்தினார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். மலையாள வலிய, போர்ச்சுக்கீசியக் கப்பித்தான். பட்டத்துக்கு உரியவரோ டச்சுக்காரரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு மண்ணின் மகன். புலியூர்க்குறிச்சியில் இருந்த பழைய உதயகிரிக் கோட்டையை 1740களில் அவர் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டினார். கோட்டைக்குள் வார்ப்புப் பட்டறை அமைந்தது. பீரங்கிகள், குட்டைக் குழல் பீரங்கிகள், இரும்புக் குண்டுகள் எல்லாம் அங்கே வார்க்கப்பட்டன. அங்கே வார்த்த ஒரு பெரிய பீரங்கியை ஏராளமான ஆட்களும் யானைகளும் சேர்ந்து இழுத்தும் நகர்த்த முடியவில்லை என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்பு ஒன்று வியக்கிறது. டி லன்னாய் 1777இல் அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.

ஆயுதம் எந்தக் கை வழியாக வந்ததோ அந்தக் கையின் மொழியில்தான் அதன் பெயரும் வந்தது. துப்பாக்கி என்ற சொல்லின் வேர் துருக்கியில் இருக்கிறது. பாரசீகம் வழியாகத் தெற்கே இறங்கியது. பீரங்கி என்பது ‘பரங்கி’யின் உடன்பிறப்பு. ஐரோப்பியரைக் குறிக்கப் பாரசீகம் வைத்த பெயர் அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் அதே துருக்கிச் சொல் ‘துவக்கு’ என்று நிற்கிறது. சிங்களத்திலும் அது துவக்குவ. மலையாளத்தில் தோக்கு, குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் அதுவும் காதில் விழும். சென்னைப் பத்திரிகைகள் ‘சுட்டான்’ என்று எழுதும் இடத்தில் மலையாளத்துக்காரரும் இலங்கைத் தமிழரும் ‘வெடி வைத்தான்’ என்பார்கள். வன்னிக் காடுகளில் வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்குப் பெயர் ‘இடியன்’. செய்யும் வேலையிலிருந்தே பிறந்த பெயர். இவ்வளவு பொருத்தமான ஒன்று தமிழ்நாட்டில் இல்லாமல் போனது பெரிய குறை. இங்கே காவல்துறைக் குறிப்புகளில் அது ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று நான்கு ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிக் கிடக்கிறது.

ஒரே கருவிக்குக் கடலின் இக்கரையில் ஒரு பெயரும் அக்கரையில் இன்னொரு பெயரும் வழங்குவது ஆங்கிலத்துக்கும் புதிதில்லை. துப்பாக்கிப் பட்டறைச் சொற்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் முரண்படும் இடங்களைச் சேர்த்தால் தனி அகராதியே போடலாம். அவற்றில் மிகவும் வேடிக்கையானது குளச்சல் போர்க்காலத்துத் துப்பாக்கியிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கி இப்படி வேலை செய்தது. மேலே வளைந்த ஓர் இரும்புக் கை, அதன் வாயில் கவ்விய சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் அந்தக் கை முன்னால் பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தகடு திறந்துகொள்ளும். பொறிகள் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் விழுந்து, அங்கே தூவிய மருந்தைப் பற்றவைக்கும். அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தை வெடிக்கவைக்கும். பாய்கிற கைக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் ‘காக்’, அதாவது சேவல். அடி வாங்குகிற தகட்டுக்குப் பிரிட்டிஷ் படையில் வழங்கிய பெயர் ‘ஹேமர்’, சுத்தியல்! அடிப்பதற்கு இல்லாத பெயர் அடி வாங்குவதற்கு. தவறுதலாகப் பொறி விழாமலிருக்க அந்தத் தகட்டுக்கு மாட்டும் தோலுறையையும் ‘ஹேமர் ஸ்டால்’ என்றே சொன்னார்கள். தகட்டுக்குப் பிற்காலத்தில், முக்கியமாக அமெரிக்காவில், நிலைத்த பெயர் ‘ஃப்ரிஸன்’. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கல்லும் தகடும் மெல்ல ஒழிந்தன. வேலையிழந்த தகட்டின் பெயர் மட்டும் சாகாமல் இடம் மாறி, பாய்கிற கையின் மேல் ஏறிக்கொண்டது. இன்று உலகம் முழுக்க ஹேமர் என்றால் அதுதான். 18ஆம் நூற்றாண்டுப் பயிற்சிக் கையேட்டை இன்றைய அமெரிக்கர் ஒருவர் படித்தால் பாதி கட்டளைகள் தலைகீழாகத் தெரியும்.

அந்த உறுப்புக்கு விலங்கின் பெயர் வைப்பதில் ஐரோப்பியர் பலரும் ஒத்துப்போனார்கள். எந்த விலங்கு என்பதில்தான் வேறுபட்டார்கள். டச்சுக்காரனுக்கும் ஜெர்மானியனுக்கும் அது சேவல். பிரெஞ்சுக்காரனுக்கு நாய், போர்ச்சுக்கீசியனுக்கும் நாய். ஸ்பானியன் பூனைக்குட்டியை எடுத்து விசைக்கு வைத்துவிட்டான். ஆங்கிலேயர் தங்களுடையது என்று நினைக்கும் ‘ட்ரிகர்’ கூட டச்சு ‘ட்ரெக்கர்’ தந்தது; இழுப்பது என்று பொருள்.

நாயோடு வந்த போர்ச்சுக்கீசியரும் சேவலோடு வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இறங்கிய நாட்டில், தமிழன் அந்த உறுப்புக்கு வைத்த பெயர் குதிரை. இந்தியிலும் அது ‘கோடா’, குதிரையேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் குதிரை என்ற பதிவின் கீழ் துப்பாக்கியின் இந்த உறுப்பையும் ஒரு பொருளாகத் தருகிறது. கிண்ணத்தில் தூவும் பற்றுமருந்துக்கு ‘ரஞ்சகம்’ என்ற சொல்லும் அதில் உண்டு. மருந்தடைப்பதற்குக் ‘கெட்டித்தல்’. ஆக, கையில் சிக்கிமுக்கித் துப்பாக்கி இருந்த காலத்தில் தமிழில் அதன் உறுப்புகளுக்குப் பெயர் இருந்தது. கடன் வாங்கியும் சொந்தமாகச் செய்தும் நம் ஆட்கள் பெயர் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் எங்கே அறுந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன், அளவுகளின் குழப்பத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இந்தியாவின் துப்பாக்கி உரிமங்கள் இன்றும் அதற்குள்தான் சிக்கியிருக்கின்றன.

வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவக்காரரின் தோளில் தொங்குவது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். அந்த 12 எந்த அளவு? அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக இறங்குமோ அது 12 போர். ஓர் உருண்டை சுமார் 37.8 கிராம், குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் ஒரு பவுண்டில் 20 உருண்டை. ஆகவே எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். புதிதாக உரிமம் எடுக்கிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. இதே அளவைப் பிரிட்டன் ‘போர்’ என்கிறது, அமெரிக்கா ‘கேஜ்’ என்கிறது. பீரங்கியையும் பிரிட்டன் நீண்ட காலம் குண்டின் எடையாலேயே அழைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கன் 105 மில்லிமீட்டர் பீரங்கி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆங்கிலேயன் 25 பவுண்டர் என்றான். சுதந்திர இந்தியாவின் படையும் அந்த 25 பவுண்டரோடுதான் போர்க்களம் கண்டது.

எடையால் துப்பாக்கியை அளப்பது வணிகர் புத்தி. இந்தக் கரைக்கு அது மிகவும் பழக்கமானது. 1793இல் திருவிதாங்கூர், பம்பாய் அரசோடு ஒரு மிளகு ஒப்பந்தம் போட்டது. மிளகைக் கண்டிக் கணக்கில் அளந்து கொடுத்து, பதிலுக்கு ஆயுதங்களையும் ஐரோப்பியச் சரக்குகளையும் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு முன் மிளகுக்காக வந்தவர்களின் துப்பாக்கிகளைப் பறித்த அரசு, இப்போது மிளகைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியது. உதயகிரியில் உலை எரிந்த நாட்டில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கும் பழக்கம் வந்ததும் செய்யும் பழக்கம் தளரும்.

போர் என்ற அந்தச் சொல்லை இந்தியா எடுத்துக்கொண்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இல்லாத வேலையைக் கொடுத்தது. நம் ஆயுதச் சட்ட வழக்கில் ‘தடைசெய்யப்பட்ட போர்’, ‘தடையில்லாப் போர்’ என்று இரண்டு வகை. அங்கே அது ஈய உருண்டைக் கணக்கில்லை. எந்த அளவுக் குழலானாலும் போர்தான். .303 ராணுவத்துக்குரியது, பொதுமக்களுக்குத் தடை. அதனால் இந்தியச் சந்தைக்கென்றே .315 என்ற அளவு பிறந்தது. பர்மிங்ஹாமில் தொடங்கிய அந்த ரைஃபிளை இன்று இந்திய ஆலைகள் செய்கின்றன. பிரிட்டனில் அது ஏறக்குறைய மறந்துபோன பொருள்.

இதைவிடச் சிக்கலான பெயர் காவல் நிலையங்களில் இருந்தது. ஈஷாப்பூர் ரைஃபிள் ஆலை பழைய .303 ரைஃபிள்களின் குழலை மழமழவென்று கடைந்து, ஒரு வெடிக்கு ஒரு தோட்டா போடும்படி மாற்றிக் காவல்துறைக்குக் கொடுத்தது. ‘410 மஸ்கட்’ என்று போலீஸ்காரர்கள் அழைத்தது அதைத்தான். வாய்வழி மருந்திட்ட பழைய துப்பாக்கியின் பெயர் மஸ்கட். இதுவோ பின்புறம் தோட்டா போடுவது. வேட்டைத் துப்பாக்கிகளுக்குள் 410ஐப் போர் என்று சேர்த்துச் சொல்வார்கள். உண்மையில் அது அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு. ஈய உருண்டைக் கணக்குப் போட்டால் 67க்கும் 68க்கும் இடையே எங்கேயோ விழும்.

.303ஐ நம்மவர் ‘த்ரீ நாட் த்ரீ’ என்கிறார்கள். நடுவில் உள்ள நாட் வெறும் பூஜ்யம், விட்டத்தின் ஒரு பகுதி. அமெரிக்கரின் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ கேட்பதற்கு அதே மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஆட் சிக்ஸ் 1906ஆம் ஆண்டு, அந்தத் தோட்டா படைக்கு ஏற்கப்பட்ட வருடம். அவர்களுடைய ‘தர்ட்டி தர்ட்டி’யில் முதல் முப்பது விட்டம், இரண்டாவது முப்பது மருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். பிரிட்டனின் .577/450இல் முதல் எண் எந்தப் பெரிய தோட்டாவிலிருந்து இது ஒடுக்கப்பட்டது என்று சொல்லும், இரண்டாம் எண் குண்டைச் சொல்லும். ஒரு கோடும் இரண்டு எண்களும் இருந்தால் அவற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு, எந்த நாட்டுப் பட்டறையிலிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

தமிழ் வாசகர்கள் இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் வேட்டை நூல்களில்தான் சந்தித்திருப்பார்கள். ஜிம் கார்பெட்டின் கையில் இருந்தது .275 ரிக்பி. அது உண்மையில் ஜெர்மானியர் செய்த 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா. லண்டன் பட்டறை அங்குலத்துக்கு மாற்றித் தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அதே தோட்டா 7 மில்லிமீட்டர் மௌசர் என்றே விற்றது. தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது அமெரிக்க .405 வின்செஸ்டர். ஜவளகிரிப் பக்கம் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனவரின் தோளில் கனெக்டிகட் ஆலையின் சரக்கு. ஆங்கிலேய அரசின் கீழ் இருந்தோம் என்பதற்காக இங்கே எல்லாமே பிரிட்டிஷ் பெயர்களாக இருந்துவிடவில்லை. வேட்டைக்காரர்கள் கடைகளில் கிடைத்ததை வாங்கினார்கள். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயர் பொறித்துத் துப்பாக்கிகளும் விற்றது.

படையிலும் போலீசிலும் நிலைமை வேறு. அங்கே பிரிட்டிஷ் பெயர்தான் ஆண்டது. அமெரிக்காவில் தாம்சன் நிறுவனம் 1920ஐ ஒட்டிப் பரப்பிய ‘சப் மெஷின்கன்’ என்ற சொல்லைப் பிரிட்டன் வெகுநாள் ஏற்காமல் ‘மெஷின் கார்பைன்’ என்றே எழுதியது. நம் காவலர்கள் இன்றும் அதைக் ‘கார்பைன்’ என்கிறார்கள். அமெரிக்கர் ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்பதைப் பிரிட்டிஷ் படை ‘செல்ஃப் லோடிங்’ என்றது. அதனால்தான் நமக்கு எஸ்.எல்.ஆர். கிடைத்தது. அமெரிக்கர் ‘ரிசீவர்’ என்பதற்குப் பிரிட்டிஷ் ஆயுதக் கையேட்டில் ‘பாடி’ என்று இருக்கும், ‘ஃப்ரன்ட் சைட்’ அங்கே ‘ஃபோர்சைட்’. நம் ராணுவப் பயிற்சியில் காதில் விழுவது ஃபோர்சைட்தான்.

பிரிட்டனும் அமெரிக்காவும் ஏன் இப்படிப் பிரிந்தன? லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாமில் 1813இல் குழல் சோதனைக் கூடம் வந்தது. செய்யும் ஒவ்வொரு குழலையும் அங்கே கூடுதல் மருந்திட்டுச் சோதித்து முத்திரை குத்தினார்கள். அமெரிக்காவில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் அரசு ஆலை 1794இல் தொடங்கியது; ஹார்ட்ஃபோர்டில் கோல்ட், நியூஹேவனில் வின்செஸ்டர். கடலின் இரு கரையிலும் உலை அணையவில்லை. புது உறுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தால் அன்றைக்கே பக்கத்து மேசைக்காரனிடம் அதைக் கேட்டு வாங்க ஒரு பெயர் தேவைப்படும். அப்படித் தேவைக்குப் பிறந்த பெயர்களே இரு பக்கமும் வேறு வேறாகிப்போயின.

தமிழகத்திலும் அப்படிப்பட்ட கொல்லர்கள் இருந்தார்கள் என்பதற்குத் தஞ்சாவூர் பீரங்கி மேடே போதும். 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் செய்த ராஜகோபால பீரங்கி வார்த்ததில்லை. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையம் வளையமாக இரும்பைப் பூட்டி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. நீளம் 7 மீட்டருக்கும் மேல். பீப்பாய்க்குப் பலகை அடுக்கி இரும்பு வளையம் போடுவது போன்ற இந்த முறையில்தான் ஐரோப்பாவின் முதல் பெரிய பீரங்கிகளும் உருவாயின. குழலுக்கு ஆங்கிலத்தில் பீப்பாய் என்று பெயர் வந்ததும் அப்படித்தான். தமிழ் குழல் என்று அதன் வடிவத்தைப் பார்த்துச் சொன்னது.

உதயகிரியின் உலை பிரிட்டிஷ் மேலாதிக்கத்தைத் தாண்டி வாழவில்லை. 1809இல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது அவர்களுடைய கம்பெனிப் படை பிப்ரவரி 10ஆம் தேதி ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவோடு இரவாகத் தென்புற மலையில் ஏறி அரணின் பக்கவாட்டைத் தாக்கியிருந்தது. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. திருவிதாங்கூரின் படை கலைக்கப்பட்டது. கோட்டையில் கம்பெனிச் சிப்பாய்கள் தங்கினார்கள். இன்று அது வனத்துறைப் பூங்கா. 1878இன் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு. உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருளைப் பட்டறையில் புதிதாகச் செய்துபார்க்க யார் துணிவார்? பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கியும், அடுக்குத் தோட்டாவும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் விசையும் உலகில் பிறந்தது இந்தக் காலத்தில்தான். தமிழில் அவற்றுக்குப் பெயர் பிறக்கவில்லை. குதிரையோடும் ரஞ்சகத்தோடும் நம் பட்டறைத் தமிழ் நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்தவை போல்ட், மேகசின், ட்ரிகர் என்று முழுதாக இறக்குமதியாயின.

வங்காளத்தில் கதை வேறாகப் போனது. நவாப் மீர் காசிம் 1760களின் தொடக்கத்தில் தலைநகரை முங்கேருக்கு மாற்றி அங்கே ஆயுதப் பட்டறை நிறுவினார். அவர் தோற்றும், பிரிட்டிஷ் ஆட்சி வந்தும், முங்கேரில் துப்பாக்கிக் கொல்லர் தொழில் தொடர்ந்தது. உரிமம் பெற்ற சிறு ஆலைகள் இன்றும் அங்கே உண்டு. குடகில் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு கிடைத்தது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி என்று துப்பாக்கி அவர்கள் சடங்கில் தங்கிவிட்டது. உதயகிரிக்கு அப்படி ஒரு தொடர்ச்சி வாய்க்கவில்லை என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயுதம் இல்லாமல் போனதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. இழந்தது கொல்லர், வார்ப்பர், தச்சர் சேர்ந்து செய்த ஒரு நுட்பத் தொழிலை. அதோடு அவர்கள் பேச்சையும்.

இனயத்தின் கரையில் இதற்கு நேர் எதிரான நிலைமை. வள்ளத்தின் ஒவ்வொரு பலகைக்கும், கரமடியின் ஒவ்வொரு பகுதிக்கும், கடலுக்கடியில் ஓடும் நீவாட்டின் ஒவ்வொரு திசைக்கும் ஊர்க்காரர் வாயில் பெயர் உண்டு. வெளியிலிருந்து வந்த இயந்திரமும் நைலான் வலையும் ஃபைபர் வள்ளமும் கூட அந்தப் பேச்சுக்குள் கரைந்து போயின. காரணம், வள்ளத்தைப் பழுது பார்ப்பதும் வலையைப் பின்னுவதும் அதே கரையில் நடக்கிறது.

தமிழ்நாட்டில் துப்பாக்கிப் பட்டறை மறுபடியும் வந்து நெடுநாளாயிற்று. நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் ஆலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்து செய்கிறது. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் நிறுவப்பட்டது. ராணுவ ரைஃபிள்களும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகளும் அங்கிருந்து வெளிவருகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் பேசும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழல் கடைகிறார்கள், கட்டை பொருத்துகிறார்கள், விசையின் இறுக்கம் பார்க்கிறார்கள். அவர்கள் மதிய உணவு இடைவேளையில் எந்த உறுப்பை என்னவென்று சொல்கிறார்கள் என்பது தமிழுக்கு வேண்டிய செய்தி. ஓய்வுபெற்ற ஒருவரோடு ஒரு நாள் உட்கார்ந்தால் கிடைக்கக்கூடியது அது.

அகராதி செய்பவர்கள் சேர்க்க வேண்டியவை அங்கே மட்டும் இல்லை. சேர்வராயன், கொல்லி மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டால் செய்தியில் வரும் ‘பால்ரஸ்’ என்ற சிறு இரும்புக் குண்டு, கருமருந்து. வன்னியின் இடியனும், விலங்கு வரும் தடத்தில் கட்டிவைக்கும் ‘கட்டுத்துவக்கும்’. இலங்கைத் தமிழர் தோட்டாவுக்குச் சொல்லும் ரவை, சன்னம். கோயில் வெடிவழிபாட்டில் மருந்து அடைத்து வெடிக்கும் கதினா. காவலர்களின் மஸ்கட், கார்பைன். இவற்றில் சில பத்திரிகைகளில் மட்டும் இருக்கின்றன, சில பேச்சில் மட்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் ‘காக்’, ‘ஹேமர்’ என்பவற்றுக்கு எந்த ஊரில் எந்த ஆண்டு என்ன பொருள் என்று தேடித் தேடி எழுதி வைத்தார்கள். நம் குதிரைக்கும் ரஞ்சகத்துக்கும் அப்படி ஒரு கட்டுரை வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய ஆயுதங்களின் சீட்டுகளில் உறுப்புப் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.